விருந்தாளியை இங்கிலீஷில் அனுப்பிய கதை

கும்பிட்டாம்பாளையத்தில் தெருநாயைக்கூட யாரும் "போ" என்று சொன்னதில்லை. கல்லை ஓங்கிக்கொண்டு நின்றாலும் "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். நாய்களும் போய்விட்டு வந்துவிடும். தாராபுரம் பக்கத்தில் இவ்வளவு நாய்கள் உள்ள ஊர் வேறு கிடையாது.

"போ" என்று சொல்லிவிட்டால் போனவர் திரும்ப மாட்டார், வாசலில் நின்று அப்படிச் சொல்வது ஆகாது என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள நம்பிக்கைதான். மற்ற ஊர்க்காரர்கள் அதைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். கும்பிட்டாம்பாளையத்தாருக்கு எதிலும் கொஞ்சம் என்பது தெரியாது.

அந்த ஊருக்கு ஓர் ஆனி மாதத்துக் காற்றில், குடை மேல்நோக்கித் திரும்பிக்கொண்ட கோலத்தில், சிவப்பிரகாசம் என்பவர் வந்து சேர்ந்தார். பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம், அதற்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சென்னியப்பன் வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

"வழி கெடக்குதுங்க. மொதல்ல உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார் சென்னியப்பன்.

தண்ணீர் காபியானது, காபி இடியாப்பம் மாதிரி பிழிந்த சந்தகையானது, சந்தகைக்குப் பிறகு அரிசிம்பருப்புச் சோறு வந்தது. கட்டில் போட்ட ஒரே அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஆனி போய், ஐப்பசி போய், மார்கழியும் வந்துவிட்டது. அவருக்கு எல்லாம் கொடுத்த அந்த ஊர், வழியை மட்டும் இன்னும் சொல்லவில்லை. தானே வழியைப் பற்றிப் பேச்செடுத்தால் "கிளம்புங்க" என்று சொன்னது போல் ஆகிவிடும் என்று சென்னியப்பன் பயந்தார். இன்னொரு முறை கேட்டால் உபசாரத்தில் குறை சொன்னது போல் ஆகிவிடும் என்று சிவப்பிரகாசமும் சும்மா இருந்துவிட்டார். சாப்பாடும் நன்றாக இருந்தது.

சென்னியப்பனின் மனைவி நாச்சாத்தாதான் முதலில் பொங்கினாள்.

"ஏனுங்க, மரகதத்துக்கு நாள் நெருங்கிருச்சு. தலைப்பிரசவம். பொறந்த ஊட்டுல அவளுக்கு ஒரு கட்டில் போட எடம் வேண்டாமா? அந்த மனுசன் அறையில காலை நீட்டிப் படுத்திருக்கறாரு. சம்பந்தி ஊட்டுல சிரிக்க மாட்டாங்களா?"

சென்னியப்பனுக்கு மகள் என்றால் உயிர். பேரக்குழந்தையைத் தன் வீட்டில், தன் மடியில்தான் முதலில் வாங்க வேண்டும் என்று அவர் எவ்வளவோ ஆசைப்பட்டார். நேராக ஊர்க் கமிட்டிக்குப் போனார்.

ஊர்க் கமிட்டி என்பது பால் சொசைட்டி வாசலில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர். தலைவர் காளியண்ணன். ஒருமுறை தனியாகக் கோயம்புத்தூர் வரை போய், வழி தவறாமல் திரும்பி வந்தவர் என்பதால் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். மனைவி திருப்பூரில் மகன் வீட்டோடு இருந்துவிட்டதால், ஊரில் இருந்த ஒரே மாடி வீட்டில் அவர் தனியாக வாழ்ந்துவந்தார். மற்றவர்கள் மாரப்பன், பொங்கியண்ணன். நான்காவது ஆள் சென்னியப்பனேதான்.

"அவருகிட்ட 'போயிட்டு வாங்க'ன்னு ஒருக்காச் சொல்லிப் பாத்தா என்னுங்க?" என்றார் பொங்கியண்ணன்.

"சொன்னனுங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் போயி, அங்கிருந்த பேப்பரப் படிச்சிட்டு வந்துட்டாரு" என்றார் சென்னியப்பன்.

"வாக்குத் தவறாத மனுசன்" என்று மாரப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான்கு பேரும் கொஞ்ச நேரம் அந்த நல்ல மனிதரைப் பாராட்டினார்கள்.

காளியண்ணன் யோசித்தார். யோசனை தாராபுரத்தில் சுலபமாக வரும் என்று நால்வரும் பஸ் ஏறினார்கள். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அதன் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. வகுப்பு நடத்தும் ரெஜினா டீச்சர் வந்து, செருப்புக் காலைத் தட்டி, "கோ அவே!" என்றார். நாய் எழுந்து போனது.

நால்வரும் அசந்து நின்றார்கள். நாய் திரும்பி வருகிறதா என்று பார்க்க எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். வரவில்லை. இன்னொரு டீயும் குடித்துப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களாடா! தமிழ்ல சொன்னாத்தான் திரும்பி வருது. இங்கிலீஷ்ல சொன்னா அவுங்களுக்கும் தோசமில்லை, நமக்கும் தோசமில்லை" என்றார் காளியண்ணன். "நம்ம விருந்தாளியும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கறவருதான். கட்டாயம் புரியும்."

உடனே வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். என்ன படிக்க விருப்பம் என்று டீச்சர் கேட்டார்.

"போற வார்த்தைங்க மட்டும் போதுமுங்க டீச்சர். ஒரு ஆள எடத்த விட்டுக் கெளப்பற மாதிரி. வர்ற வார்த்தைங்க வேண்டாங்க. வர்றவங்களுக்குத் தமிழே போதுமுங்க."

ரெஜினா டீச்சர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். வெளிநாடு போகத் துடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஒப்புக்கொண்டார். அவரிடம் ஒரு முறை இருந்தது. வாயால் சொல்வதை அதே நேரத்தில் உடம்பாலும் செய்ய வேண்டும், அப்போதுதான் வார்த்தை மனசில் நிற்கும்.

"சொல்றதைச் செய்யணும், செய்றதைச் சொல்லணும். ரெண்டையும் பிரிச்சீங்கன்னா படிச்சதெல்லாம் வீண்" என்றார்.

பிரிக்கவே மாட்டோம் என்று நால்வரும் கற்பூரம் இல்லாத குறையாகச் சத்தியம் செய்தார்கள்.

முதல் பாடம் "கோ அவுட்." நால்வரும் உரக்கச் சொல்லிக்கொண்டே வெளியே போனார்கள். டீச்சர் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த வார்த்தையை எழுதிக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் நால்வரும் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் உள்ளே வரலை?"

"உள்ள வர்றதுக்கு நீங்க வார்த்தை சொல்லிக் குடுக்கலீங்களே, டீச்சர்."

அன்றிலிருந்து டீச்சர் அவர்களுக்குத் தெருவிலேயே பாடம் நடத்தினார். போகிற பாடம்தானே, தெருவில் நடந்தால் என்ன என்று விட்டுவிட்டார். கோ அவே, கெட் அவுட், கிளியர் ஆஃப், ரன் அவே என்று பாடம் ஏறிக்கொண்டே போனது. ஒரே காரியத்துக்கு இங்கிலீஷ்காரன் இத்தனை வார்த்தை வைத்திருக்கிறான் என்றால், அவன் வீட்டுக்கு எத்தனை விருந்தாளிகள் வந்திருப்பார்கள் என்று பொங்கியண்ணன் மிகவும் இரக்கப்பட்டார்.

ஊருக்கு வந்து பரீட்சை பார்த்தார்கள். சிவப்பிரகாசம் சந்தகையில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். நால்வரும் அவர் முன்னால் கைகட்டி நின்றார்கள். காளியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோ அவே!"

சொன்னதைச் செய்ய வேண்டும் அல்லவா? சொல்லிக்கொண்டே திரும்பி வெளியே நடந்தார். மற்ற மூவரும் "கோ அவே, கோ அவே" என்றபடி அவர் பின்னால் நடந்தார்கள். நால்வரும் பால் சொசைட்டியில் போய் உட்கார்ந்தார்கள்.

"வார்த்தையச் சரியாச் சொன்னமா?"

"சொன்னமுங்க."

"போனமா?"

"போனமுங்க."

"அவரு வந்தாரா?"

"காணமுங்க."

"அப்ப வார்த்தையில பழுதில்லை. பலம் பத்தலை" என்று தீர்ப்புச் சொன்னார் காளியண்ணன்.

மறுநாள் "கெட் அவுட்." அதைக் கோபத்தோடு வேகமாகச் சொல்ல வேண்டும் என்பது பாடம். நால்வரும் கோபத்தோடு வேகமாக வெளியேறியதில் மாரப்பன் வாசற்படியில் இடித்துக்கொண்டார். அதற்கு மறுநாள் "ரன் அவே." அரிசி மில் வரைக்கும் ஓடிப் போய் மூச்சு வாங்கினார்கள். பொங்கியண்ணனுக்கு முழங்கால் வீங்கியது.

தினமும் நான்கு பெரிய மனிதர்கள் தன் முன்னால் வந்து நின்று, இங்கிலீஷில் ஏதோ முழங்கிவிட்டு ஓடுவதைச் சிவப்பிரகாசம் ஆர்வத்தோடு கவனித்து வந்தார். டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார். "இந்த வயசுல இப்படி ஓடறது உடம்புக்கு ரொம்ப நல்லதுங்க. திரும்பி வந்தா மோர் குடுங்கம்மா" என்று நாச்சாத்தாவிடம் சொல்லவும் செய்தார். அவள் மோருக்குப் போட இருந்த உப்பைத் தரையில் வீசினாள்.

சென்னியப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வருவது அவருக்குப் பழக்கமில்லை, அதனால் உடம்பு சரியில்லையோ என்று முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, சொல்றதும் நாம சொல்றம், போறதும் நாமளே போறம். அவரு எப்பங்க போவாரு?"

மாரப்பன் தரையைப் பார்த்தார். பொங்கியண்ணன் மாரப்பனைப் பார்த்தார்.

"சென்னியப்பா, அந்த மனுசனுக்கு வழி தெரியாதுன்னு நீதான சொன்னே?" என்றார் காளியண்ணன் கடைசியில்.

"ஆமாங்க."

"வழி தெரியாதவருக்கு யாரு முன்னால நடக்கோணும்?"

"தெரிஞ்சவங்க."

"அதைத்தான நாம செஞ்சிட்டிருக்கறம்!"

சென்னியப்பனுக்கு நெஞ்சு லேசானது. இவ்வளவு யோசிக்கிற ஆளைத் தலைவராக வைத்திருக்கிறோமே என்று கண் கலங்கினார்.

அந்த வியாழக்கிழமை நாச்சாத்தா மகளைக் கூட்டிவரத் திருப்பூருக்குக் கிளம்பினாள். தாய் நேரில் போய்த்தான் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும். பையை எடுத்துக்கொண்டு புருசனிடம் சொன்னாள்.

"நாளைக்குப் பொழுதோட வருவோம். அறை காலியா இருக்கோணும். இல்லீன்னா பொண்ணை அப்படியே திருப்பிக் கொண்டுபோயி அவுங்க ஊட்டுலயே உட்டுப்போட்டு, நானும் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன். அப்பறம் நீங்களும் விருந்தாளியுமா உக்காந்து சந்தகை புழிஞ்சு தின்னுங்க."

சென்னியப்பன் தாராபுரத்துக்குக் கமிட்டியோடு ஓடினார். "டீச்சர், இருக்கறதுலயே பெரிய வார்த்தையா ஒண்ணு குடுங்க. இதுக்கு மேல இல்லீங்கற மாதிரி."

"மூவ் அவுட்" என்றார் டீச்சர். "சட்டி பானை, பாய் படுக்கை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வீட்டையே காலி பண்ணிட்டுப் போறது."

காலி! நாச்சாத்தா கேட்டதும் அதே காலிதான். சென்னியப்பன் டீச்சரின் காலில் விழப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் நால்வரும் ஒரு டிராக்டரோடு வந்து நின்றார்கள். சிவப்பிரகாசத்தின் முன்னால் மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரே குரலில் "மூவ் அவுட்!" என்றார்கள். பிறகு வேலையைத் தொடங்கினார்கள். அடுப்பு போனது, அண்டா போனது, பீரோ போனது. விருந்தாளியை நாசூக்காக எழுப்பி நிற்கவைத்துவிட்டுக் கட்டிலையும் தூக்கினார்கள். ஆட்டுக்கல் மட்டும் அசையவில்லை.

"தள்ளுங்க, நானும் ஒரு கை குடுக்கறேன்" என்று சிவப்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயோ, விருந்தாளி நீங்க எதுக்குங்க?" என்று தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. ஐந்து பேருமாகச் சேர்ந்து ஆட்டுக்கல்லை டிராக்டரில் ஏற்றினார்கள். இப்படி ஒரு உதவும் குணத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்று மாரப்பன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வார்த்தையை நான்கு பேரும் சொல்லியிருந்ததால் நான்கு பேரும் காலி செய்ய வேண்டியிருந்தது. மாரப்பன் வீட்டிலும் பொங்கியண்ணன் வீட்டிலும் பெண்கள் கரண்டியோடு வாசலில் நின்றுவிட்டார்கள். அந்த இருவரும் ஆளுக்கொரு தலையணையோடு தப்பித்து வந்தார்கள். காளியண்ணனைத் தடுக்க ஆள் இல்லை. மாடி வீட்டைத் துடைத்து எடுத்தது போலக் காலி செய்து, பூட்டி, ஊரில் இருக்கப்போகிற நம்பிக்கையான ஆளாகப் பார்த்துச் சாவியைச் சிவப்பிரகாசத்தின் கையில் கொடுத்தார்.

ஊர் எல்லையில் வாய்க்கால் கரையோரம், வேப்பமரத்தடியில் சாமான்களை இறக்கினார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் நாச்சாத்தா மகளோடு காரில் வந்தாள். வாய்க்கால் கரையில் தன் வீட்டுக் கட்டில் கிடப்பதையும் அதன் மேல் புருசன் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னாள்.

"ஏனுங்க, இதென்ன கூத்து?"

"அறை காலியாயிருச்சு, நாச்சா! போயிப் பாரு!" சென்னியப்பனின் முகம் பூரித்துக் கிடந்தது.

போய்ப் பார்த்தாள். காலிதான். அடுப்பு இருந்த இடத்தில் கரி மட்டும் இருந்தது. அறை நடுவில், வெறுந்தரையில் துண்டை விரித்துச் சிவப்பிரகாசம் படுத்திருந்தார். நாச்சாத்தா பையைத் தரையில் போட்டுவிட்டு அந்தக் கரியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மரகதம் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனதிலிருந்து ஊர் வழக்கங்கள் கொஞ்சம் மறந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"ஐயா, இந்த அறை எனக்கு வேணுமுங்க. நீங்க வேற எங்கயாச்சும் இருந்துக்கறீங்களா?"

"அடடா, தாராளமா இருந்துக்கறேம்மா!" சிவப்பிரகாசம் சட்டென்று எழுந்து துண்டை உதறினார். "இதை முன்னாலயே யாராவது சொல்லியிருந்தா அப்பவே எழுந்திருப்பேனே. நான் வழி கேட்டு வந்த ஆளும்மா. அந்தக் கல்யாணமும் முடிஞ்சு, அந்தப் பொண்ணும் இந்நேரம் உன்னை மாதிரி மாசமாயிருக்கும். இன்னும் யாரும் வழியைச் சொல்லலை."

பையை எடுத்துக்கொண்டு, கையில் இருந்த சாவியோடு காளியண்ணனின் மாடி வீட்டுக்குக் குடிபோனார். போகிற போக்கில் வாய்க்கால் கரைக்கு வந்து, நாச்சாத்தாவுக்கு ஒத்தாசையாகக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து வீடு வரைக்கும் தூக்கிக் கொடுத்தார். மற்றச் சாமான்கள் வந்த டிராக்டரிலேயே திரும்பின. சென்னியப்பனால் தூக்க முடியவில்லை. திரும்பிப் போகிற வார்த்தை அவருக்கு இன்னும் தெரியாது.

"அறைய உட்டுப்போட்டாரு! இங்கிலீஷ் வேலை செஞ்சிருச்சு!" என்று வாய்க்கால் கரையில் நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஊருக்குள் எப்படித் திரும்புவது என்று டீச்சருக்குப் போன் செய்தார்கள். வருகிற வார்த்தைகள் எல்லாம் அடுத்த லெவல், அந்த வகுப்பு சித்திரைக்கு மேல்தான் தொடங்கும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். படித்தவர்கள் என்கிற மரியாதைக்காக நால்வரும் கரையிலேயே தங்கினார்கள். மாரப்பன், பொங்கியண்ணன் வீட்டுப் பெண்கள் சோற்றைக் கொண்டுவந்து, நாய்களுக்குப் போக மீதியை இவர்களுக்கு வைத்தார்கள்.

தை மாதத்தில் பேத்தி பிறந்த சேதி சோற்றோடு கரைக்கு வந்தது. ஒரு காலை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கார் வாய்க்காலைத் தாண்டிப் போனது. பின் சீட்டில் நாச்சாத்தா மடியில் ஒரு துணிச் சுருள். அதிலிருந்து ஒரு சின்னக் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் காருக்குப் பின்னால் எல்லைக்கல் வரை ஓடி, அங்கே நின்று, குழந்தை மாதிரி அழுதார்.

"என்ற பேத்தியப் பாக்கோணுமுங்க, அண்ணா. சித்திரை வரைக்கும் என்னால முடியாதுங்க."

"வார்த்தையில்லாம உள்ள போனா படிச்சதெல்லாம் வீணுன்னு டீச்சர் சொல்லியிருக்கறாங்களே" என்று காளியண்ணனும் கண்ணைத் துடைத்தார்.

இந்த அழுகையைக் கேட்டுத்தான் சிவப்பிரகாசம் மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தார். கையில் சர்க்கரைத் தட்டு. "என்னங்க, பேத்தி பிறந்திருக்கா, இங்கே நிக்கறீங்க? வாங்க, வாங்க! எல்லாரும் வாங்க! நம்ம ஊருதானே!"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழைத்தால் போவதற்கு எந்த வகுப்பும் வேண்டாம். விருந்தாளிகளாகப் போகலாமே!

போனார்கள். சென்னியப்பன் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டுப் பாயின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்து, பேத்தியை மடியில் வாங்கினார். சிவப்பிரகாசம் காபி கொண்டுவந்து கொடுத்தார். இனிப்பு போதுமா என்று கேட்டார். காளியண்ணனுக்குத் தன் மாடி வீட்டிலேயே படுக்கக் காற்றோட்டமான இடமும் கொடுத்தார். சில நாள் அப்படியே இருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் சென்னியப்பன் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "நாச்சா, வந்த எடத்துல இப்படி நாள் கணக்காத் தங்கினா அவரு என்ன நெனைப்பாரு? நாசூக்கு வேண்டாமா? நாங்க கெளம்பறம்."

நால்வரும் வாசலுக்கு வந்து கும்பிட்டார்கள். "போயிட்டு வாறமுங்க."

"போயிட்டு வாங்க" என்று சிவப்பிரகாசமும் கும்பிட்டார்.

"பாத்தியா, கடைசி வரைக்கும் 'போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. குணவான்!" என்று சென்னியப்பன் நெகிழ்ந்துபோனார்.

அதற்கு மேல் நாச்சாத்தாவால் தாங்க முடியவில்லை. கையில் பேத்தியோடு வாசலுக்கு வந்தாள்.

"போய்த் தொலைங்க!"

"ஏம்மா, விருந்தாளிங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று சிவப்பிரகாசம் வருத்தப்பட்டார்.

நால்வரும் மலைத்து நின்றுவிட்டார்கள். போவதும் இருக்கிறது, திரும்பி வராமல் இருப்பதும் இருக்கிறது, ஒரு 'ங்க' போட்டு மரியாதையும் இருக்கிறது. தாங்கள் இத்தனை நாள் தேடிய வார்த்தை இதுதான் என்று நால்வருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அடேங்கப்பா! என்னமா ஒரு வார்த்தை!" என்றார் காளியண்ணன் மெய்சிலிர்த்து. "வாங்கடா தாராபுரத்துக்கு. இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு டீச்சரக் கேட்டுட்டு வந்துரலாம்."